பூஞ்சையே தெரியாத மல்லாட்டையில் நஞ்சு எங்கிருந்து வந்தது?

செங்கம் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டு ஏக்கர் மானாவாரி மல்லாட்டை, அதாவது நிலக்கடலை. காய் முற்றுகிற சமயத்தில் இருபத்தைந்து நாள் மழை இல்லை. செடியைப் பிடுங்கிக் களத்தில் போட்ட பிறகு இரண்டு நாள் தூறல். பருப்பு வாங்க வந்தவர் அரைக் கிலோ மாதிரி எடுத்துப்போய்ப் பரிசோதித்து, அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு 64 பிபிபி இருக்கிறது என்று சரக்கைத் திருப்பிவிட்டார். "எங்கள் கண்ணுக்கு ஒரு பூஞ்சையும் தெரியவில்லை. விலையைக் குறைக்கப் பொய் சொல்கிறாரா? பொறுக்கி எடுத்த சொத்தையைச் செக்கில் ஆட்டி எண்ணெயை வீட்டுக்கு வைத்துக்கொண்டு, புண்ணாக்கை மாட்டுக்குப் போடலாமா?" இதுதான் கேள்வி. வியாபாரியைப் பற்றிய சந்தேகம் முன்னால் நின்றாலும், அடியில் இருப்பது வேறு இரண்டு கவலைகள். தப்பு நம் பக்கம் எங்கே நடந்தது? விற்காத சரக்கு நம் வீட்டுக்குள் வந்தால் என்ன ஆகும்? இந்த இரண்டுக்கும்தான் நான் அதிகம் எழுதப்போகிறேன்.

நான் தாவர நோயியல் படித்தவன். இருபது வருஷத்துக்கு மேலாக நிலக்கடலை வயலிலும் ஆய்வுக்கூடத்திலுமாக வேலை. மருத்துவன் இல்லை, உடம்பைப் பற்றிச் சொல்லும் இடத்தில் அதை மனதில் வைத்துப் படியுங்கள். முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சொத்தைப் பருப்பைச் செக்குக்குக் கொண்டுபோகாதீர்கள், புண்ணாக்காக மாட்டுக்கும் போடாதீர்கள். வியாபாரி சொன்ன எண் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த ஓர் எண்ணை வைத்து உங்கள் மொத்தச் சரக்கும் அப்படித்தான் என்று முடிவு கட்டவும் முடியாது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படிச் சரியாகும் என்பதற்கு இந்த நஞ்சின் குணம் தெரியவேண்டும்.

பிபிபி என்பது நூறு கோடியில் ஒரு பங்கு. நம் நாட்டு உணவுப் பாதுகாப்புத் தர ஆணையம் மேற்கொண்டு பக்குவப்படுத்தப்போகும் கடலைப் பருப்புக்கு வைத்திருக்கும் வரம்பு 15 பிபிபி. அதாவது ஒரு டன் பருப்பில் 15 மில்லிகிராம். நேராகச் சாப்பிடும் கடலைக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருப்பது அதைவிடக் கடுமை, மொத்தம் 4 பிபிபிதான். இவ்வளவு சிறிய அளவு சரக்கு முழுக்கச் சீராகப் பரவியிருந்தால் அளப்பது சுலபம். அப்படிப் பரவி இருப்பதில்லை. ஆயிரம் பருப்பில் ஒன்றிரண்டில்தான் நஞ்சு இருக்கும். அந்த ஒன்றிரண்டில் குவிந்து கிடக்கும். தனிப் பருப்புகளை எடுத்துச் சோதித்தபோது ஒரே பருப்பில் பத்து லட்சம் பிபிபிக்கு மேல் கண்டிருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். அரைக் கிராம் எடையுள்ள அப்படி ஒரு பருப்பில் 500 மைக்ரோகிராம் நஞ்சு இருக்கும். மற்றதெல்லாம் சுத்தமாக இருந்தாலும், அந்த ஒரு பருப்பைச் சேர்த்து அரைத்தால் முப்பது கிலோ பருப்பு 15 பிபிபி வரம்பைத் தாண்டிவிடும்.

உங்களிடமிருந்து எடுத்துப்போனது அரைக் கிலோ. அதில் சுமார் ஆயிரம் பருப்பு இருந்திருக்கும். அதில் ஒன்றில் 32 மைக்ரோகிராம் இருந்திருந்தால் போதும், 64 பிபிபி வந்துவிடும். அடுத்த மூட்டையிலிருந்து இன்னொரு அரைக் கிலோ எடுத்திருந்தால் சுழியம் வந்திருக்கலாம், முந்நூறும் வந்திருக்கலாம். அதனால் அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். எடுத்த மாதிரி போதாது என்று நிச்சயமாகச் சொல்வேன். ஏற்றுமதிச் சரக்கில் பல மூட்டைகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து இருபது கிலோ வரை சேர்த்து, மொத்தத்தையும் அரைத்துக் கலந்து, அதிலிருந்துதான் சோதனைக்கு எடுப்பார்கள். நீங்கள் மறுபடி சோதிக்க விரும்பினால் ஒவ்வொரு மூட்டையிலும் மேலே, நடுவே, அடியில் என்று கை விட்டு எடுங்கள். குறைந்தது ஐந்து கிலோவாவது சேர்த்து முழுவதையும் அரைக்கச் சொல்லுங்கள். ஒரு பிடியைக் கவரில் போட்டு அனுப்பினால் காசுக்குப் பிடித்த கேடு.

"கண்ணுக்கு ஒரு பூஞ்சையும் தெரியவில்லை" என்கிறீர்கள். நம்புகிறேன். வேலைக்கு வந்த புதிதில் நானும் பூஞ்சை பிடித்ததை மட்டும் பொறுக்கிப்போடச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஆய்வுக்கூடத்தில் பளிச்சென்று ரோஜா நிறத் தோலோடு இருந்த பருப்பு ஒன்றை நகத்தால் இரண்டாகப் பிளந்தேன். உள்ளே, இரண்டு பருப்பும் ஒட்டியிருக்கும் அந்தச் சின்னக் குழிவில், மஞ்சளும் பச்சையும் கலந்த பொடி வரிசையாக அப்பியிருந்தது. வெளியே ஒரு புள்ளி கிடையாது. அதுதான் இந்த நஞ்சைச் சுரக்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் பூஞ்சை. நஞ்சின் பெயரே அதிலிருந்து வந்ததுதான். அதேபோல, பூஞ்சை தெரிகிற பருப்பிலெல்லாம் இந்த நஞ்சு இருக்கும் என்றும் இல்லை. கழுத்தழுகல் நோயைக் கொண்டுவரும் கறுப்புப் பூஞ்சை காயின் மேல் கரியாகப் படியும், பார்க்கவே அருவருப்பாக இருக்கும். அது வேறு பூஞ்சை, அஃப்ளாடாக்சினை உண்டாக்குவதில்லை. ஃப்ளேவஸிலேயே நஞ்சு சுரக்காத வகைகள் மண்ணில் உண்டு. ஆக, கண் ஓரளவுக்குத்தான் உதவும். ஆனால் அந்த ஓரளவை அலட்சியப்படுத்தவும் கூடாது. சுருங்கியது, நிறம் மாறியது, வண்டு துளைத்தது, உடைந்தது ஆகியவற்றை எடுத்துவிட்டால் நஞ்சின் பெரும்பகுதி அவற்றோடு போய்விடும் என்பது திரும்பத் திரும்ப உறுதியான விஷயம். எடுத்ததை எங்கே போடுகிறோம் என்பதில்தான் வினையே இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மழையே இல்லாத வருஷத்தில் பூஞ்சை எப்படி வந்தது என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். எல்லோருக்கும் தோன்றுகிற கேள்வி. ஈரத்தில்தான் பூஞ்சை வரும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறோம். இந்தப் பூஞ்சைக்கு அது பாதி உண்மைதான். ஃப்ளேவஸ் எங்கிருந்தோ வருவதில்லை. நம் செம்மண்ணிலேயே எப்போதும் இருப்பது. விழுது இறங்கிக் காய் பிடிக்கும் நாளிலிருந்து அதன் பக்கத்திலேயேதான் குடியிருக்கிறது. செடிக்குத் தண்ணீர் இருக்கும்வரை பருப்பு தன்னைக் காத்துக்கொள்ளும். பூஞ்சை தொட்டவுடன் ஸ்டில்பீன் என்ற வகை வேதிப்பொருளைச் சுரந்து அதைத் தடுக்கும். கடைசி மூன்று நான்கு வாரம் நீர் இல்லாமல் போனால் பருப்பின் ஈரம் இறங்கும், அந்தச் சுரப்பு நின்றுவிடும். இலை சுருண்டு தொங்குவதால் தரையில் நிழல் விழாது, காய் இருக்கும் ஆழத்தில் மண் சூடேறும். செடி தளர்ந்து நிற்கும் அந்தச் சூட்டிலும் வறட்சியிலும் இந்தப் பூஞ்சைக்கு ஒன்றும் ஆகாது, அதற்கு அது தோதான நேரம். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலம் டாசனில் இருக்கும் தேசிய நிலக்கடலை ஆய்வுக்கூடத்தில், மண்ணின் சூட்டையும் ஈரத்தையும் தனித்தனியாகக் கட்டுப்படுத்திய பாத்திகளில் 1980களில் இதைப் பார்த்திருக்கிறார்கள். கடைசி நாலு முதல் ஆறு வாரம் வறட்சியும், காயைச் சுற்றி 28, 30 டிகிரிச் சூடும் சேர்ந்தபோது நஞ்சு ஏறியது. கடைசிவரை தண்ணீர் கிடைத்த பாத்தியில் அந்தத் தொல்லை இல்லை. உங்கள் இருபத்தைந்து நாள் இந்தக் கணக்குக்குக் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. களத்துக்கு வருமுன்பே, ஓடு உடையாத காய்க்குள்ளேயே, சில பருப்புகளில் பூஞ்சை நுழைந்திருக்கும்.

அப்படியென்றால் மானாவாரிக்காரனுக்கு விமோசனமே இல்லையா என்றால், அப்படியில்லை. பண்ணைக்குட்டையோ பக்கத்துக் கிணறோ இருந்து, காய் முற்றும் தருணத்தில் ஒரே ஒரு தண்ணீர் தெளிப்பு முறையிலாவது கொடுக்க முடிந்தால், மொத்தப் பயிரில் வேறெந்தச் செலவும் அதற்கு ஈடாகாது. முடியாதவர்கள் காயின் ஓட்டைக் காப்பாற்றுவதில் கவனம் வைக்கவேண்டும். பூஞ்சைக்கு வாசல் திறந்துவிடுவது பெரும்பாலும் கரையானும் வேர்ப்புழுவும்தான். கரையான் சுரண்டி ஓடு மெலிந்த காயில் ஃப்ளேவஸ் இருப்பதற்கு வாய்ப்பு பல மடங்கு. நாற்பது நாற்பத்தைந்தாம் நாள் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைக்கச் சொல்வது விளைச்சலுக்காக மட்டுமல்ல. சுண்ணாம்புச் சத்து ஏறிய ஓடு கெட்டியாக இருக்கும், எளிதில் வெடிக்காது. ட்ரைகோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைத் தொழுவுரத்தில் கலந்து இடுவது நல்லது, நானும் பரிந்துரைக்கிறேன். ஆனால் அது மட்டுமே நஞ்சைத் தடுத்துவிடும் என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். வயலுக்கு வயல் அதன் பலன் ரொம்பவும் மாறுகிறது. ரகம் மாற்றினால் சரியாகுமா என்றும் கேட்பார்கள். ஜே-11 போன்ற சில ரகங்களின் பருப்புத் தோல் பூஞ்சையை ஓரளவு எதிர்க்கும் என்பது தெரிந்ததுதான். ஆனால் தோலில் கீறல் விழுந்தால் அந்த எதிர்ப்பும் போச்சு. வறட்சியிலும் முழுக்கத் தாங்கும் ரகம் என்று ஒன்றை இன்றைக்கு என்னால் கைகாட்ட முடியாது.

பிடுங்கும் நாள் பற்றி ஒரு வார்த்தை. ஆள் கிடைக்கவில்லை, மண் இறுகிவிட்டது, மழை வந்தால் பிடுங்கலாம் என்று 105 நாள் ரகத்தை 120 நாள்வரை விட்டுவைப்பது இப்போது சகஜமாகிவிட்டது. முற்றிய பிறகு தரைக்குள் கிடக்கும் ஒவ்வொரு நாளும் பூஞ்சைக்குத்தான் லாபம். காயை உடைத்து ஓட்டின் உள்பக்கத்தைப் பாருங்கள். பத்தில் ஏழெட்டுக் காயில் உள்பக்கம் கறுத்திருந்தால் அன்றைக்கே பிடுங்குவதுதான் சரி.

அடுத்த கண்டம் களம். பிடுங்கும்போது பருப்பில் 35, 40 சதவீதம் ஈரம் இருக்கும். அது முப்பதிலிருந்து பத்துக்கு இறங்குகிற இடைப்பட்ட காலம்தான் ஆபத்து. அந்தப் பாலத்தை எவ்வளவு சீக்கிரம் கடக்கிறோமோ அவ்வளவு நல்லது. செடியைக் கவிழ்த்து, காய் மேலே வெயிலைப் பார்த்திருக்கும்படி வரிசையாகப் போட்டால் காற்று உள்ளே போகும், தரை ஈரம் காயைத் தொடாது. பெரிய போராகக் குவித்தால் நடுவில் வெந்துபோகும். உங்களுக்குப் பெய்த இரண்டு நாள் தூறலில், பாதி காய்ந்த காய் மறுபடி நனைந்திருக்கிறது. வயலிலேயே பூஞ்சை நுழைந்திருந்த பருப்பில் அது பரவுவதற்கு அந்த இரண்டு நாள் தாராளம். வறட்சி விதைத்ததைத் தூறல் அறுவடை செய்துவிட்டது என்றுதான் உங்கள் கதையை நான் படிக்கிறேன். தார்ப்பாய் போட்டு மூடினோம் என்பீர்கள். மூடியது சரி, மழை விட்டதும் உடனே திறந்து பரப்பினீர்களா என்பதுதான் முக்கியம். தார்ப்பாய்க்குள் காய் வியர்க்கும்.

காய் காய்ந்ததா என்று பார்க்க நம் பெரியவர்கள் காதருகே குலுக்கிப் பார்ப்பார்கள். கலகலவென்று சத்தம் வரவேண்டும். பருப்பை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தால் தோல் கழன்று வரவேண்டும். நல்ல பழக்கம், விடாதீர்கள். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. 11 சதவீத ஈரத்திலும் காய் கலகலக்கும். கிடங்கில் வைக்கக் காய்க்கு 8, 9 சதவீதமும் உடைத்த பருப்புக்கு 7 சதவீதமும்தான் பாதுகாப்பான அளவு. சத்தம் வந்த பிறகும் இன்னும் ஒருநாள் வெயில் கொடுங்கள். ஊரில் பத்துப் பேர் சேர்ந்து ஓர் ஈரமானி வாங்கினால் இந்தச் சந்தேகமே தீர்ந்துபோகும்.

இப்போது நான் கோபத்தோடு எழுதும் ஒரு விஷயம். நீங்கள் காயாக விற்காமல் பருப்பாக உடைத்துத்தான் காட்டியிருக்கிறீர்கள். உடைப்பு மில்லில் முதல்நாள் சாயங்காலம் காயின்மேல் தண்ணீர் தெளித்தார்களா என்று கேட்டுப் பாருங்கள். நன்றாகக் காய்ந்த காயை அப்படியே இயந்திரத்தில் விட்டால் பருப்பு இரண்டாகப் பிளந்து விலை போகாது. அதனால் குவியலில் தண்ணீர் அடித்து, சாக்குப் போட்டு மூடி, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில் உடைப்பார்கள். முழுப் பருப்பு கிடைக்கும், எடையும் கூடும். அப்படி மூடிவைத்த ஒரு குவியலுக்குள் விடியற்காலையில் முழங்கைவரை கையை விட்டுப் பார்த்திருக்கிறேன். வெளியே பனி; உள்ளே புதிதாய்க் கறந்த பால் சொம்பைப் பிடித்ததுபோல வெதுவெதுப்பு. கையை எடுத்து முகர்ந்தால் முக்கல் வாடை. ஆறு நாள் வெயிலில் உழவன் பாடுபட்டு இறக்கிய ஈரத்தை ஒரே ராத்திரியில் திரும்ப ஏற்றி, ஈரத்தோடு உடைத்து, ஈரத்தோடு சாக்கில் கட்டி அடுக்கிவிடுகிறார்கள். இந்த வழக்கம் நஞ்சைக் கூட்டுகிறது என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. கையால் உடைக்க ஆள் இல்லாதவர்கள் இயந்திரத்தின் சல்லடையைக் காய் அளவுக்குத் தக்கபடி மாற்றச் சொல்லி, உலர்வாகவே உடைக்கலாம். பத்துக் கிலோ பருப்பு பிளந்தாலும் பரவாயில்லை. தண்ணீர் தெளித்தே தீருவேன் என்றால், உடைத்த பருப்பை அன்றைக்கே வெயிலில் போட்டு ஈரத்தை இறக்கிய பிறகுதான் மூட்டை கட்டவேண்டும். எல்லாவற்றையும்விட நல்லது, விற்கும் நாள்வரை காயாகவே வைத்திருப்பது.

இனி அந்தச் சொத்தை. நல்லதையெல்லாம் விற்றுவிட்டு, கழித்ததைச் செக்குக்குக் கொண்டுபோவது நம் பக்கத்தில் காலங்காலமாக உள்ள வழக்கம். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, ஒன்றும் வீணாகக்கூடாது என்ற சிக்கனம்தான். ஆனால் நஞ்சு குவிந்திருக்கும் பருப்பையெல்லாம் தேடிப் பொறுக்கிச் சேர்த்து வீட்டுக்கு எடுத்துப்போகிறோம் என்பதுதான் அதன் பொருள். செக்கில் ஆட்டும்போது நஞ்சின் பெரும்பகுதி எண்ணெயோடு வராமல் புண்ணாக்கில் தங்கிவிடும். எண்ணெயில் ஒரு சிறு பகுதிதான், அதுவும் கலங்கலாக மிதக்கும் துகளோடு சேர்ந்து வரும். பெரிய ஆலைகளில் காரம் சேர்த்து, வெளுத்துச் சுத்திகரிக்கும்போது அந்த மிச்சமும் போய்விடும். மரச்செக்கு எண்ணெயில் அந்தப் படி கிடையாது. செக்கு எண்ணெய்க்கு எதிராக இதைச் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் அதுதான். சொத்தை கலக்காத நல்ல பருப்பைப் போட்டு ஆட்டி, நாலைந்து நாள் அசையாமல் வைத்து, மண்டியை விட்டுவிட்டுத் தெளிந்ததை மட்டும் எடுக்கிறோம். எண்ணெயை வெயிலில் வைக்கும் பழைய வழக்கத்தில் கொஞ்சம் விஷயம் உண்டு. கடலை எண்ணெயிலுள்ள இந்த நஞ்சை நேர்வெயில் சிதைக்கிறது என்று மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் 1970களிலேயே காட்டியிருக்கிறார்கள். ஆனால் எவ்வளவு சிதையும் என்பது பாத்திரம், எண்ணெயின் கனம், கலங்கல், வெயிலின் உக்கிரம் எல்லாவற்றையும் பொறுத்தது. வெயில் எண்ணெயைச் சிக்கடிக்கவும் செய்யும். சொத்தையை ஆட்டிவிட்டு வெயிலில் வைத்துச் சரிசெய்யலாம் என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

புண்ணாக்குதான் உண்மையான சிக்கல். உலகம் இந்த நஞ்சைக் கண்டுகொண்டதே கடலைப் புண்ணாக்கால்தான். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப்போனபோது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்குத் தீவனத்தில் போய் நின்றது. நம் கணக்குக்கு வருவோம். உங்கள் பருப்பில் சராசரியாக 64 பிபிபி என்றே வைத்துக்கொள்ளுங்கள். நூறு கிலோவை ஆட்டி நாற்பது கிலோ எண்ணெய் போனால், அறுபது கிலோ புண்ணாக்கில் ஏறக்குறைய மொத்த நஞ்சும் இருக்கும். அளவு நூறைத் தாண்டிவிடும். மாட்டுத் தீவனத்துக்கு இந்தியத் தர அமைவனம் வைத்திருக்கும் வரம்பு 20. நாளைக்கு இரண்டு கிலோ புண்ணாக்கு தின்னும் பசுவுக்குள் 200 மைக்ரோகிராம் போகும். தின்றதில் சுமார் ஒன்றிரண்டு சதவீதம், எம்-1 என்ற உருவில் பாலில் இறங்கும். எட்டு லிட்டர் கறந்தால் லிட்டருக்கு அரை மைக்ரோகிராம்வரை வரலாம். பாலுக்கு நம் நாட்டு வரம்பும் சரியாக அதுதான், 0.5. சொத்தையை மட்டும் ஆட்டினால் புண்ணாக்கில் இதைப்போல் எத்தனை மடங்கு இருக்கும் என்று நான் சொல்லவே வேண்டாம். காய்ச்சினால் பாலிலிருந்து அது போகாது.

இது ஏட்டுக் கணக்கு இல்லை. உணவுப் பாதுகாப்புத் தர ஆணையம் 2018இல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகள் எடுத்துச் சோதித்தது. 368 மாதிரிகளில் எம்-1 வரம்புக்கு மேல் இருந்தது. எண்ணிக்கையில், மாநிலங்களில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. 551 மாதிரிகளில் 88. பால் பாக்கெட் வாங்குகிறவர்களுக்கு அது ஒருநாள் செய்தியாகப் போய்விட்டது. எனக்கு அந்த எண்ணைப் பார்த்ததும் மல்லாட்டைக் களமும் மில்லில் ஊறும் காயும்தான் கண்முன் வந்தன. ஒரே ஓர் ஆறுதல், கெட்ட தீவனத்தை நிறுத்தினால் மூன்று நான்கு நாளில் பால் தெளிந்துவிடும். ஏற்கெனவே புண்ணாக்கு போட ஆரம்பித்திருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள். வீட்டில் சின்னக் குழந்தைக்கு அந்தப் பால்தான் என்றால் கண்டிப்பாக.

உடம்புக்கு என்ன செய்யும் என்பதில் உறுதியானதையும் உறுதியாகாததையும் பிரித்துச் சொல்கிறேன். அஃப்ளாடாக்சினில் பி-1 என்ற வகை ஈரலில் புற்றுநோய் உண்டாக்கும் என்பது முழுக்க உறுதிப்பட்ட விஷயம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. ஹெபடைட்டிஸ் பி கிருமி நாள்பட உடம்பில் இருப்பவர்களுக்கு, அதே அளவு நஞ்சால் வரும் ஆபத்து மற்றவர்களைவிடச் சுமார் முப்பது மடங்கு. பெரிய அளவில் ஒரேயடியாக உள்ளே போனால் மஞ்சள் காமாலையும், வயிற்றில் நீர் கோக்கும் மகோதரமும் வந்து உயிரே போகலாம். 1974இல் குஜராத்தின் பஞ்சமகாலிலும் ராஜஸ்தானின் பான்ஸ்வாராவிலும் மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதே சோற்றைத் தின்ற நாய்களும் செத்தன. குழந்தைகளின் வளர்ச்சி குன்றுவதற்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாக மேற்கு ஆப்பிரிக்க ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் வறுமை, வயிற்றுப்போக்கு, சத்துக்குறைவு எல்லாம் அதே குழந்தைகளிடம் சேர்ந்தே இருப்பதால், இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல இன்னும் முடியவில்லை. எப்போதாவது ஒரு பிடி கடலை தின்றவர் பயந்து நடுங்கத் தேவையில்லை. அன்றாடம், வருஷக்கணக்கில், ஒரே சரக்கைத் தின்னும் வீடுகள்தான் கவலைப்பட வேண்டியவை. சொந்த நிலத்துக் கடலையையும் சொந்தப் புண்ணாக்கின் பாலையும் நம்பியிருக்கும் உழவர் வீடு அந்தக் கணக்கில்தான் வருகிறது. வீட்டில் யாருக்காவது மஞ்சள் காமாலை வந்துபோயிருந்தால், ஹெபடைட்டிஸ் பி இருக்கிறதா என்று ஓர் இரத்தப் பரிசோதனை செய்து, மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு அந்தத் தடுப்பூசி விட்டுப்போகாமல் பாருங்கள்.

வறுத்தால் போகுமா, வேகவைத்தால் போகுமா என்று அடுத்து கேட்பீர்கள். வேகவைத்தால் போகாது. வறுத்தால் ஒரு பகுதி குறையும், முழுக்கப் போகாது. இந்த நஞ்சு தானாகச் சிதைய அடுப்படி தாங்காத சூடு வேண்டும். மஞ்சள் தடவுவது, வேப்பிலை போட்டு வைப்பது வண்டுக்கு வேண்டுமானால் உதவலாம், பருப்புக்குள் ஏற்கெனவே இருக்கும் நஞ்சை எடுக்காது. வீட்டுச் செலவுக்கு வைத்ததை முறத்தில் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்துப் பொறுக்குங்கள். வறுத்த பிறகு தோலை நீக்கி, பிளந்து, உள்ளே நிறம் மாறியதை மறுபடி எடுங்கள். வாயில் போட்டுக் கசந்தால் துப்பிவிடுங்கள். பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்லிவையுங்கள். கசப்பு இந்த நஞ்சின் சுவை இல்லை, ஆனால் கெட்டுப்போன பருப்பில்தான் கசப்பும் நஞ்சும் சேர்ந்து குடியிருக்கும்.

உங்கள் சந்தேகத்தில் இருக்கும் நியாயத்தையும் சொல்லவேண்டும். காய்ந்த சரக்குக்கும் காயாத சரக்குக்கும் ஒரே விலை போட்டுவிட்டு, எடைக்காகத் தண்ணீர் தெளிப்பதைக் கண்டும் காணாமல் இருந்துவிட்டு, கடைசியில் நஞ்சு என்று உழவன் தலையில் கட்டுவது சரியில்லை. பரிசோதனைச் சீட்டைக் கையில் கொடுக்காமல் வாய்வார்த்தையாக ஓர் எண்ணைச் சொல்லிவிட்டுப் போனால் அதை ஏற்கவேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. எந்த ஆய்வுக்கூடம், எவ்வளவு மாதிரி, என்ன முறை என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

இப்போது கையில் இருப்பதற்கு வருகிறேன். உடைக்காத காய் மிச்சம் இருந்தால் அதைத் தொடாமல், இன்னொரு நல்ல வெயில் காட்டி, தரையில் படாமல் மரப்பலகைமேல் சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். உடைத்த பருப்பைக் கையால் பொறுக்கிச் சுத்தம் செய்து, நான் சொன்னபடி ஐந்து கிலோ மாதிரி எடுத்து அனுப்புங்கள். பொறுக்கிய சரக்கில் எண் இறங்கிவிடுவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. பொறுக்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள், அந்தத் தூசி உள்ளே போவது நல்லதில்லை. அடுத்த பட்டத்துக்கு விதைக்காயை இந்தச் சரக்கிலிருந்து எடுக்காதீர்கள். பூஞ்சை உள்ளே இருக்கும் விதை முளைத்தாலும் வெளுத்துக் குட்டையாகவே நிற்கும். கழித்த சொத்தையைக் குப்பைமேட்டிலும் கொட்டவேண்டாம், அங்கிருந்து எருவோடு அதே நிலத்துக்கே திரும்பும். கோழி கிளறாத இடத்தில், புகை மேலே படாதபடி காற்று வரும் பக்கமாக நின்று, அதை எரித்துவிடுங்கள். எண்ணெய்ப் பருப்பு என்பதால் நன்றாகவே பிடித்து எரியும்.